தூசிக் கணக்கில் சேராத இருமல்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் வயதான ஒருவர் தண்ணீர் குடிக்கும்போது இருமினால் இரண்டு விளக்கங்கள் கைவசம் இருக்கும். புரை ஏறிவிட்டது, யாரோ நினைக்கிறார்கள் என்பது ஒன்று. "மைன்ஸ்ல வேலை செஞ்ச உடம்பு, தூசி" என்பது இன்னொன்று. முதலாவதற்கு உச்சந்தலையில் இரண்டு தட்டு விழும். இரண்டாவதற்கு அதுவும் கிடையாது. குரல் கம்மினால் தூசி. ஒரு தட்டு சோறு இறங்க முக்கால் மணி நேரமானால் தூசி. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் வெடிச் சத்தத்தில் கெட்ட காது, இல்லாவிட்டால் வயசு. இந்த அத்தியாயம் மறுப்பது தூசியை அல்ல. பேச்சிலும் விழுங்குவதிலும் வருகிற எல்லாக் கோளாறையும் தூசியின் கணக்கில் எழுதிவிடும் பழக்கத்தைத்தான் மறுக்கிறது. நுரையீரலில் படிந்த சிலிக்கா என்ற பாறைத் தூசியை வெளியே எடுக்க இன்றுவரை மருந்து இல்லை. ஆனால் அசையாமல் நின்றுபோன குரல்நாணுக்கு வழி உண்டு. பக்கவாதத்தால் தளர்ந்த தொண்டைக்கும், சொல் மறந்த மூளைக்கும், மந்தமான காதுக்கும் வழி உண்டு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால், தீராத ஒன்றோடு தீரக்கூடியவையும் போய்விடுகின்றன.

தூசியின் மேல் விழும் பழி அறியாமையில் பிறந்ததல்ல, அனுபவத்தில் பிறந்தது. கோலார் தங்கவயலில் 1930களிலேயே சிலிக்கோசிஸ், அதாவது சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய், பதிவாகியிருக்கிறது. 1940இல் மைசூர் அரசு அதற்கென்றே விதிகள் கொண்டுவந்தது. 1940க்கும் 1946க்கும் இடையில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. இந்திய மருத்துவ நூல்களில் சிலிக்கோசிஸ் என்ற தலைப்பு வந்தால் இந்த ஊரின் பெயரும் வரும். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அவ்வளவு ஆழத்தில் பாறையைத் துளைத்தவர்களின் மார்பில் என்ன இருக்கும் என்று சொல்ல டாக்டர் தேவையில்லை என்றுதான் குடும்பங்கள் நினைக்கின்றன. இந்தச் சுரங்கங்களை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. அன்று முப்பது வயதில் இருந்தவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். தூசியை விட்டு வெளியே வந்த பிறகும் சிலிக்கோசிஸ் வளரக்கூடியது என்பதால் அவர் மார்பைப் பற்றிய கவலை நியாயமானதே. சிக்கல் என்னவென்றால், பார்வை மார்பு எக்ஸ்ரேயோடு நின்றுவிட்டது. அதற்கு ஒரு சாண் மேலே இருக்கும் தொண்டையை யாரும் கேட்கவில்லை.

தொண்டையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் தூசி எங்கே முடிகிறது, வேறொன்று எங்கே தொடங்குகிறது என்பது விளங்கும். மூச்சும் உணவும் வாய்க்குப் பின்னால் ஒரே பாதையில் வந்து, கழுத்தில்தான் பிரிகின்றன. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்களை மோதாமல் அனுப்புவது போன்ற வேலை அது. கவளம் நாக்கின் பின்பக்கம் சேர்ந்ததும் குரல்வளை மேலும் முன்னுமாக எழுகிறது. குரல்நாண்கள் இறுக மூடுகின்றன. மேல்மூடி சாய்கிறது. உணவுக்குழலின் வாய் திறக்கிறது. இவ்வளவும் ஏறத்தாழ ஒரு வினாடிக்குள் நடந்து முடியும். அந்த நேரம் மூச்சு நிற்கும். விழுங்கியவுடன் நம்மில் பெரும்பாலோர் மூச்சை வெளியேதான் விடுகிறோம், உள்ளே இழுப்பதில்லை. ஓரத்தில் ஒட்டிக்கொண்ட பருக்கையை அந்த வெளிமூச்சு தள்ளிவிடும். பேசுவதற்கும் இதே குரல்நாண்களும் இதே நாக்கும் இதே உதடுகளும்தான். பேச்சுப் பயிற்சி தருகிற ஸ்பீச் தெரபிஸ்டே விழுங்கும் பயிற்சியும் தருவதற்குக் காரணம் அதுதான். 'நாங்கள் பேச்சுக்குப் போகவில்லை, சாப்பாட்டுக்குத்தான் கஷ்டம்' என்று சொல்லி அவரிடம் போகாமல் இருக்கும் குடும்பங்கள் நிறைய.

இப்போது தூசியைச் சேர்த்துப் பாருங்கள். மூச்சு வாங்குகிறவருக்கு விழுங்கும்போது மூச்சை நிறுத்தி வைக்க முடிவதில்லை. விழுங்கியதும் அவசரமாக உள்ளே இழுக்கிறார், அதோடு தண்ணீரும் போகிறது. நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோயாளிகளிடம் இந்தத் தாளம் தவறுவதை ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. இது நுரையீரலால் வந்தது என்பது சரி. ஆனால் தீர்வு நுரையீரலில் இல்லை, தாளத்தைத் திரும்பக் கற்பதில் இருக்கிறது: சிறிய மிடறு, ஒரு மிடறுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓய்வு, மூச்சு வாங்கும்போது உண்ணாமல் இருப்பது. குரல் கம்முவதற்கு வேறு பாதைகள் இருக்கின்றன. இடது குரல்நாணுக்குப் போகும் நரம்பு நேராகக் கழுத்தில் நின்றுவிடாமல் மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மேலே திரும்புகிறது. அந்த வழியில் நெறிகட்டிகள் வீங்கினாலோ கட்டி வந்தாலோ நரம்பு நசுங்கி, இடது குரல்நாண் அசைவற்றுப்போகும். சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் எளிதில் தொற்றும். காசம் குரல்வளையையே தாக்கவும் கூடும். சிலிக்கா தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே வகைப்படுத்திவிட்டது. ஒன்றுமில்லை என்றால், மூச்சுத் திணறலுக்கு இழுக்கும் இன்ஹேலர் மருந்து தொண்டையில் படிந்தும் குரல் கம்மலாம். இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பினால் பாதிப் பிரச்சினை தீரும். ஒரே கம்மல், நான்கு காரணங்கள், நான்கு மருத்துவம். ஆகவே மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், புகை, புகையிலைப் பழக்கம் இருக்கட்டும் இல்லாமல் போகட்டும், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் குரல்வளையைக் கேமராவில் பார்த்தே தீரவேண்டும். அதற்கு முன் தூசி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

வீட்டில் எதைக் கவனிப்பது? இருமலை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். பக்கவாதம் வந்தவர்களிலும் பார்க்கின்சன் நோயாளிகளிலும் பலருக்கு மூச்சுக்குழலில் உணவு போனாலும் இருமலே வராது, உணர்வு மரத்திருக்கும். இருமாமல் அமைதியாகச் சாப்பிடுகிறார் என்று வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள், மாதத்துக்கு ஒருமுறை காய்ச்சலும் சளியும் வரும், அதையும் தூசி என்பார்கள். சாப்பாட்டு வேளையில் எதிரே உட்கார்ந்து பார்ப்பதே முதல் சோதனை. ஒரு மிடறு தண்ணீருக்குப் பிறகு 'ஆ' என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் ஈரமாக, கொரகொரவென்று கேட்டால் குரல்நாண்மேல் தண்ணீர் நிற்கலாம் என்று பொருள். ஒரு கவளத்துக்கு எத்தனை முறை விழுங்குகிறார், சாப்பிட்டு முடித்த பின் கன்னத்தின் உட்புறத்தில் சோறு ஒதுங்கியிருக்கிறதா, காபி மூக்கு வழியாக வருகிறதா, வேட்டி தொளதொளக்கிறதா என்று பாருங்கள். கஷ்டமான உணவைச் சொல்லாமலே ஒதுக்கிவிடுவது இன்னொரு அடையாளம். முறுக்கு பிடிக்கவில்லை, பொரி பிடிக்கவில்லை என்று திடீரென்று சொல்கிறவருக்கு ருசி மாறியிருக்காது. ரசச் சோறு ஒத்துக்கொள்ளாமல் போவதும் அப்படித்தான். தண்ணீரும் பருக்கையும் கலந்து வரும்போது, பருக்கையை மெல்லும் நேரத்தில் ரசம் முந்திக்கொண்டு ஓடிவிடும். இருமவும் பேசவும் முடியாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் திணறினால் அது புரை ஏறியதல்ல, மூச்சுக்குழல் அடைப்பு. அப்போது தலையில் தட்டாதீர்கள். முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து முறை ஓங்கித் தட்டி, விலகாவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேல் ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்தி, மாறி மாறிச் செய்ய வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கென்று ஒரு தனி விஷயம் இருக்கிறது: களி. கோலார் பக்கத்தில் ராகிக் களியை மெல்லுவதில்லை. விரலால் உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே உள்ளே தள்ளுவதுதான் பழக்கம். ஆரோக்கியமான தொண்டைக்கு அது சுகம். நாக்கின் ஒரு பக்கம் தளர்ந்தவருக்கு அதே உருண்டை பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், பிசுபிசுப்பால் இருமியும் வெளியே வராது. 'ஐம்பது வருஷமா சாப்பிட்ட களி' என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. அதே ராகி கஞ்சியாகும்போது உதவிக்கு வருகிறது. தண்ணீர் வேகமாக ஓடுவதால்தான் தளர்ந்த தொண்டைக்கு அது கடினம். கெட்டியான பானம் மெதுவாக இறங்கும், மூடிக்கொள்ள நேரம் தரும். எவ்வளவு கெட்டி என்பதை உலகம் முழுவதும் ஒரே அளவில் சொல்ல இட்சி என்ற முறை இருக்கிறது. பூஜ்யத்திலிருந்து ஏழு வரை எட்டுப் படிகள். அதன் சோதனை நம் சமையலறையிலேயே நடக்கும். ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்து, 10 மி.லி. அளவுக்குக் கஞ்சி ஊற்றி, விரலை எடுத்துப் பத்து விநாடி விடுங்கள். ஒரு மி.லி.க்கும் குறைவாக மிஞ்சினால் அது தண்ணீர் மாதிரி. ஒன்று முதல் நான்கு வரை மிஞ்சினால் முதல் படி, நான்கு முதல் எட்டு வரை என்றால் இரண்டாம் படி, அதற்கும் மேல் என்றால் மூன்றாம் படி. சிரிஞ்சுகள் கம்பெனிக்குக் கம்பெனி நீளத்தில் வேறுபடும், எது சரி என்று தெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. இன்னும் இரண்டு விஷயம்: ராகிக் கஞ்சி ஆற ஆற இறுகும், ஆகவே கொடுக்கும் சூட்டிலேயே சோதிக்க வேண்டும். எச்சில் பட்ட ஸ்பூனைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால் எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தைக் கரைத்து, கடைசிக் கால் கிண்ணத்தை நீர்த்துவிடும். ஆரம்பத்தில் நன்றாகக் குடித்தவர் கடைசியில் ஏன் இருமுகிறார் என்ற புதிருக்குப் பல வீடுகளில் விடை அந்த ஸ்பூன்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் கெட்டியாக்கிக் கொடுத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். பல மருத்துவமனைகளில் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தருவதும் இதைத்தான். ஆதாரம் அவ்வளவு எளிதாகத் துணை நிற்பதில்லை. அமெரிக்காவில் மறதி நோயோ பார்க்கின்சனோ உள்ள 711 பேரை எக்ஸ்ரே வீடியோவில் விழுங்கவைத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2008இல் வெளியானது. மிகக் கெட்டியான பானம் கொடுத்தபோது மூச்சுக்குழலில் போவது உடனடியாகக் குறைந்தது என்பது உண்மை. ஆனால் 515 பேரை மூன்று மாதம் பின்தொடர்ந்தபோது, கெட்டி பானம் குடித்தவர்களுக்கும் முகவாயை மார்போடு தாழ்த்தித் தண்ணீரே குடித்தவர்களுக்கும் நிமோனியாவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. உடலில் நீர் வற்றுவது கெட்டி பானக் குழுவில் நூற்றுக்கு ஆறு, மற்றதில் இரண்டு. காரணம் சாதாரணமானது: கஞ்சி மாதிரித் தண்ணீரை யாருக்கும் குடிக்கப் பிடிக்காது, குறைவாகக் குடிப்பார்கள். கெட்டியாக்குவது ஒரு கருவி, அதற்கு விலை உண்டு. யாருக்கு, எந்தப் படி, எத்தனை வாரம் என்பதைப் பரிசோதித்துச் சொல்ல ஆள் வேண்டும். முகவாயைத் தாழ்த்துவதும் அப்படியே. சிலருக்குப் பாதுகாப்பு, சிலருக்கு அதனாலேயே உள்ளே போகும். எதிர்வீட்டுத் தாத்தாவுக்குச் சொன்னதை நம் தாத்தாவுக்குச் செய்யக் கூடாது.

யாருக்கும் கெடுதல் செய்யாத, அநேகமாகச் செலவே இல்லாத ஒன்றும் இருக்கிறது. அது வாய்ச் சுத்தம். நுரையீரலுக்குள் போகும் ஒரு சொட்டுத் தண்ணீரைவிட, அந்தச் சொட்டோடு போகும் கிருமிகள்தான் ஆபத்து. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் ஒரு பாதியினருக்குத் தினமும் வாய் சுத்தம் செய்துவிட்டு, மறுபாதியினரை வழக்கம்போல விட்டு இரண்டு ஆண்டு பார்த்தார்கள். சுத்தம் செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு நிமோனியா வந்தது, மற்றவர்களில் 19 பேருக்கு. ஒரு பிரஷ்ஷின் வேலை அது. பல்லே இல்லாதவருக்கும் ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் இவற்றை ஈரத்துணியால் காலையும் இரவும் துடைக்க வேண்டும், பல்செட்டை இரவில் கழற்ற வேண்டும். மூக்குக் குழாய் வழியாக உணவு போகிறவருக்கு வாய் சுத்தம் வேண்டாம் என்பது தவறான எண்ணம். அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறார். இன்னொரு கண்டுபிடிப்பும் வீட்டுக்குப் பொருந்தும்: தானாகச் சாப்பிட முடியாமல் பிறர் ஊட்டிவிட வேண்டிய நிலையே நிமோனியாவுக்குப் பெரிய அடையாளங்களில் ஒன்று. ஊட்டுகிறவருக்கு அவசரம் இருக்கும், சமையல் பாதியில் நிற்கும். கை நடுங்கினாலும் கிண்ணத்தைப் பிடிக்க விட்டு, நம் கையை அவர் கைக்கு அடியில் கொடுப்பது நேரம் பிடித்தாலும் மேல்.

பெங்களூர் ஆஸ்பத்திரிகளிலிருந்து ரைல்ஸ் ட்யூப் என்ற மூக்குக் குழாயோடு வீடு திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கவாதம் வந்த முதல் நாட்களில் பாதிப்பேர் அளவுக்கு விழுங்கும் கஷ்டம் இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அது வெகுவாகக் குறைந்துவிடும். குழாய் போட்டவர்கள் அதை எடுக்கச் சொல்லித் தேதி கொடுக்கவில்லை என்றால், குழாய் தேவை முடிந்த பிறகும் அது மூக்கிலேயே இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது 'மறுபடி விழுங்கும் சோதனை எப்போது?' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழாய் வழியாக ஊற்றும்போதும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், ஊற்றி முடித்து அரைமணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். மாத்திரைகளைப் பொடித்து ஊற்றுவதற்கு முன் மருந்துக்கடையில் கேளுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவற்றைப் பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

'ஊசி இல்லை, மருந்து இல்லை, வெறும் பயிற்சியில் என்ன வரப்போகிறது?' என்பது நியாயமான கேள்வி. விடை: பயிற்சியின் அளவைப் பொறுத்தது. பார்க்கின்சன் நோயாளிகளின் குரலைப் பற்றி பிரிட்டனில் 388 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. உரத்த குரலை மட்டுமே குறியாக வைத்து, வாரம் நான்கு நாள், நான்கு வாரம் என்று நெருக்கமாகத் தந்த பயிற்சி பலன் தந்தது. அங்கே அரசு மருத்துவமனைகளில் வழக்கமாக நடக்கும் இடைவெளி விட்ட பயிற்சி, பயிற்சியே இல்லாததைவிட மேலாக இல்லை. தெரபிக்கு ஆதரவாக எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை மறைக்கக் கூடாது என்று நினைக்கிறேன். மாதம் ஒருமுறை போய்வந்து, 'பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது பயிற்சியே அல்ல, பயிற்சியின் குறிப்பு மட்டும். விழுங்குவதற்கும் அப்படியே. மல்லாந்து படுத்துத் தோளை அசைக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்க்கும் பயிற்சியைத் தினம் மூன்று வேளை, ஆறு வாரம் செய்யச் சொல்வார்கள். உணவுக்குழலின் வாயைத் திறக்கும் தசைகளுக்கு அது வலு. எதிர்ப்புள்ள ஊதுகருவியில் ஊதுவது இருமலின் வேகத்தைக் கூட்டும். ஆனால் மூச்சை அடக்கி இறுக்கி விழுங்கும் பயிற்சி இதய நோயாளிக்கு ஆகாமல் போகலாம், கழுத்து எலும்பு தேய்ந்தவருக்குத் தலை தூக்கும் பயிற்சி ஆகாது. யூடியூபில் பார்த்துத் தொடங்கிவிடக் கூடாது என்பது இதற்காகத்தான்.

இனி பேச்சு. முதலில் ஒரு எச்சரிக்கை: வாய் திடீரெனக் கோணி, சொல் குழறினாலோ வராமல் போனாலோ அது தெரபிஸ்டின் வேலை இல்லை, 108 ஆம்புலன்ஸின் வேலை. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே கெடு. அந்த அவசரத்தை ஒதுக்கிவிட்டால் பேச்சுக் கஷ்டத்துக்குப் பின்னால் இருக்கக்கூடியவை மூன்று வெவ்வேறு கோளாறுகள், வீட்டார் கண்ணுக்கு மூன்றும் ஒன்று போலவே தெரியும். நாக்கும் உதடும் தளர்ந்து சொல் மட்டும் தெளிவிழந்தவர் ஒருவர். அவர் எழுதிக் காட்டுவார், சொல்ல வந்தது அவருக்குத் தெளிவாகத் தெரியும். இன்னொருவருக்கு வாய் நன்றாக அசையும், சொல்தான் கிடைக்காது. தண்ணீர் கேட்க நினைத்து வேறெதையோ சொல்வார், தவறு என்று அவருக்கே தெரிந்து கோபம் வரும். பாரிஸில் 1861இல் பால் புரோக்கா என்ற மருத்துவர், 'டான்' என்ற ஒற்றை ஒலியைத் தவிர எதையும் சொல்ல முடியாத நோயாளி இறந்த பின் மூளையைத் திறந்து பார்த்து, இடது முன்பகுதியின் சேதத்தைக் காட்டினார். அறிவு போகாமல் மொழி மட்டும் போகலாம் என்பது அன்றிலிருந்து மருத்துவத்துக்குத் தெரியும், பல குடும்பங்களுக்கு இன்னும் தெரியாது. 'புத்தி கலங்கிடுச்சு' என்று அவர் எதிரிலேயே சொல்வார்கள். பேரனைப் பார்த்துச் சிரிக்கிறாரா, நகைச்சுவைக்குச் சரியான இடத்தில் சிரிக்கிறாரா, வெளியே போனால் தன் லைனுக்கு வழி தெரிந்து திரும்புகிறாரா என்று பாருங்கள். இவையெல்லாம் இருந்தால் புத்தி இருக்கிறது. மூன்றாமவருக்குக் காது. துளையிடும் இயந்திரச் சத்தம் முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அருகில் உள்ள கேள்வியைத்தான் தின்னும். 'ச', 'ஸ', 'ஃப்' போன்ற ஒலிகளின் அடையாளம் அந்த உயர்ந்த அலைவரிசைகளில்தான் இருக்கிறது. ஆகவே அவர் சொல்லும் புகார் எப்போதும் ஒன்றே: சத்தம் கேட்கிறது, சொல்வது புரியவில்லை. கத்தினால் சத்தம்தான் கூடும், மெய்யெழுத்து கூடாது. முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசி, ஆடியோமெட்ரி என்ற கேள்விச் சோதனை எடுத்து, அதற்கேற்ற கருவி பொருத்துவதே வழி.

சொல் இழந்தவருக்கு எந்த மொழியில் பயிற்சி என்ற கேள்வி தங்கவயலில் மற்ற இடங்களைவிடக் கூர்மையானது. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, சுரங்கத்தில் பாதி ஆங்கிலம் என்று வாழ்ந்தவர் இவர். தெரபிஸ்ட் கன்னடம் பேசுகிறவராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம், அவர் கன்னடத்தில் சோதித்து 'மிகக் கடுமையான பாதிப்பு' என்று எழுதினால், அளந்தது நோயை மட்டும்தானா என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. மொழிகள் ஒரே அளவில் கெடுவதுமில்லை, ஒரே வேகத்தில் திரும்புவதுமில்லை. சோதனையின்போது வீட்டில் ஒருவர் உடனிருந்து, தினம் எந்த மொழியில் கோபிப்பார், எந்த மொழியில் எண்ணுவார், எந்த மொழியில் ஜெபிப்பார் அல்லது சாமி கும்பிடுவார் என்று சொல்ல வேண்டும். பேச்சு வராதவருக்கும் கிழமைகளின் வரிசை, ஒன்று இரண்டு மூன்று, பழகிய பஜனை, கோவில் பாட்டு இவை வந்துவிடுவதுண்டு. அது குணமாகிவிட்ட அறிகுறி இல்லை. ஆனால் பயிற்சி தொடங்குவதற்கு அது ஒரு பிடி.

'ஆறு மாசம் ஆச்சு, இனி வராது' என்ற தீர்ப்பை மருத்துவர்களே சொல்வதுண்டு. ஜெர்மனியில் பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்கு மேலான, எழுபது வயதுக்குட்பட்ட 158 பேரில் ஒரு பிரிவினருக்கு உடனே மூன்று வாரம், வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வந்த முடிவு: அன்றாடப் பேச்சில் முன்னேற்றம் தெரிந்தது. அதே காலம் காத்திருந்தவர்களிடம் முன்னேற்றம் இல்லை. பழையபடி ஆகிவிட்டார்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் கதவு ஆறாம் மாதத்தில் சாத்தப்படுவதில்லை. வாரம் பத்து மணி நேரத்தை எந்த ஆஸ்பத்திரியும் தராது. அதில் எட்டு வீட்டில்தான் நடக்கவேண்டும். தெரபிஸ்ட் கொடுக்கும் இருபது சொற்கள் வீட்டுச் சொற்களாக இருக்கட்டும், பாடப்புத்தக மயிலும் மாம்பழமும் வேண்டாம்: பேரன் பெயர், சொம்பு, பென்ஷன், மாத்திரை, ரயில், வலிக்குது. அவர் தேடும் சொல்லை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடாமல் பத்து எண்ணும் வரை காத்திருப்பது குடும்பத்துக்கு மிகக் கடினமான பயிற்சி.

தூரம் பெரிய ஆட்சேபம், அதை லேசாகத் தள்ள முடியாது. நாட்டின் முதன்மையான பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965இல் தொடங்கி மைசூரில் இருக்கிறது. சாம்பியன் ரீப்ஸிலிருந்து ஒருநாள் பயணம். பெங்களூரில் நிம்ஹான்ஸ் நரம்பு சார்ந்த பேச்சு, விழுங்கல் கோளாறுகளுக்கும், 1973இல் தொடங்கிய கித்வாய் நிறுவனம் குரல்வளைப் புற்றுநோய்க்கும் உரிய இடங்கள். கோலாரை அடுத்த டமக்காவில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பரிசோதனையை அங்கே முடித்துக்கொண்டால் பெங்களூர் பயணம் ஒன்று மிச்சம். காலையில் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கூட்டத்தில் பக்கவாத நோயாளியை வாரா வாரம் ஏற்றிக்கொண்டு போக முடியாது என்பதும் தெரிந்ததே. ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்: கேமரா, எக்ஸ்ரே வீடியோ போன்ற சோதனைகளுக்கு நேரில் போவது, பேச்சுப் பயிற்சியைப் போனில், வீடியோவில் தொடரக் கேட்பது. கொரோனாவுக்குப் பிறகு பல இடங்களில் இதற்கு வழி இருக்கிறது. போகும்போது ஒரு தாளில் மூன்று நாள் சாப்பாட்டைக் குறித்துச் செல்லுங்கள், எதில் இருமினார், எவ்வளவு நேரமானது என்று. போனில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ, கஞ்சி குடிக்கும்போது பக்கவாட்டில் கழுத்து தெரிய எடுத்தது, பத்து நிமிட விவரிப்பை மிச்சப்படுத்தும். தெரபிஸ்ட் யாராக இருந்தாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் கேட்கலாம், சட்டப்படி அது இருக்க வேண்டும். நாலு வருஷப் பட்டம் படித்தவருக்கு அந்தக் கேள்வி அவமானமாக இருக்காது.

கடைசி ஆட்சேபத்துக்கு நான் பாதி இணங்குகிறேன். 'நுரையீரல் போச்சு, இருக்கிற நாளைக்கு ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டுமே' என்பார்கள். உண்மையிலேயே இறுதிக்கட்டத்தில் இருப்பவருக்கு, ஆபத்தைத் தெரிந்துகொண்டே, அவர் விருப்பப்படி, சிறுசிறு கவளமாக, சுகத்துக்காக ஊட்டுவதை மருத்துவமும் ஏற்கிறது. அதையும் எப்படிச் செய்வது என்று தெரபிஸ்ட் சொல்லித்தருவார். ஆனால் அந்த முடிவு சோதித்த பிறகு, அவரையும் கேட்டு எடுக்கப்பட வேண்டும். சோதிக்காமலே எடுக்கும்போது, இன்னும் பத்து வருடம் இருக்கக்கூடியவரையும் இறுதிக்கட்டத்தில் சேர்த்துவிடுகிறோம்.

மாற்றுத்திறனாளி சான்றிதழைப் பற்றி: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. குரல்வளை அகற்றப்பட்டவரும், மூளைப் பாதிப்பால் நிரந்தரமாகப் பேச்சிழந்தவரும் பேச்சு, மொழிக் குறைபாடு என்ற வகையில் வருவார்கள். காதுக்குத் தனி வகை. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் தேவை. விழுங்கும் கோளாறு அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆகவே யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது விழுங்கும் கஷ்டத்தை மட்டும் சொல்லி நிற்காமல், கூடவே உள்ள பேச்சு, செவி, நடைப் பாதிப்புகள் ஒவ்வொன்றையும் அளந்து எழுதும்படி கேளுங்கள். சிலிக்கோசிஸ் பழைய மருத்துவச் சீட்டுகளையும் கோப்பில் வையுங்கள், ஆனால் தனி உறையில்.